மாங்காய் ஏன் தண்ணீர் விடுகிறது? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து வைத்தபோது ஒன்று தெரிந்தது. ஊறுகாய், ட்ரிப்ஸ், ஓ.ஆர்.எஸ்., பாலாற்றங்கரை வயல் என்று ஆளுக்கொன்று கேட்டிருக்கிறீர்கள். பதிலோ எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில்தான் கிடக்கிறது: செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வில். குடியாத்தம் பக்கம் முப்பத்தோரு வருடம் பெண் பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்தியவள் நான். சவ்வுப் பாடம் வந்தால் எனக்கு இரண்டு பீரியட் கூடுதலாகத் தேவைப்படும். இங்கேயும் அப்படித்தான் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாங்காயை நறுக்கி உப்பு போட்டு ஜாடியில் வைத்தால் மறுநாள் ஒரு டம்ளர் தண்ணீர் நிற்கிறது. நாங்கள் சொட்டுத் தண்ணீரும் ஊற்றுவதில்லை. உப்பு உள்ளே போகாமல் தண்ணீர் மட்டும் எப்படி வெளியே வருகிறது? ஆனால் பத்து நாள் போனால் துண்டு முழுக்க உப்பேறிவிடுகிறதே, அது எப்படி?
– ஆம்பூர் வாசகி

முதல் பாதியைப் பலர் கேட்டிருக்கிறார்கள். இரண்டாம் பாதியை நீங்கள்தான் முதலில் கேட்கிறீர்கள். பத்து நாள் கழித்து ஜாடியைத் திறக்கும்போதும் யோசித்திருக்கிறீர்களே, அதற்கு நன்றி.

மாங்காய்த் துண்டு என்பது கண்ணுக்குத் தெரியாத செல்கள் நெருக்கமாக அடுக்கிய ஒரு கட்டு. ஒவ்வொரு செல்லுக்கும் வெளியே செல்லுலோஸ் சுவர் இருக்கிறது. சுவரை ஒட்டி உள்பக்கம் மெல்லிய சவ்வு. சுவர் என்று பெயர்தானே தவிர, உப்பும் தண்ணீரும் அதில் தாராளமாகப் போய்வரும். மறிப்பது சவ்வுதான். அது தண்ணீரை விடும். கரைந்த உப்பைச் சுலபத்தில் விடாது. துண்டின் மேல் தூவிய கல்லுப்பு, வெட்டுப்பட்ட இடத்து ஈரத்தில் கரைந்து கெட்டியான உப்புநீராகிறது. வெளியே உப்பு மிகுதி, உள்ளே குறைவு. இரண்டு பக்கமும் சமமாக வேண்டுமானால் உப்பு உள்ளே போக வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் வெளியே வர வேண்டும். உப்புக்கு வழி இல்லை. தண்ணீருக்கு இருக்கிறது. அதனால் தண்ணீர் வெளியேறுகிறது. பள்ளியில் சவ்வூடு பரவல் என்று படித்தது இதைத்தான். தண்ணீர் போகப் போக செல்லின் உள்ளிருப்பு சுருங்கி, சவ்வு சுவரை விட்டு விலகி நடுவில் ஒடுங்கும். விறைப்பாக இருந்த துண்டு மறுநாள் துவண்டு கிடப்பது அதனால்தான்.

சரி, பத்து நாள் விஷயத்துக்கு வருவோம். அவ்வளவு உப்பில் செல் பிழைக்காது. செல் செத்தால் சவ்வும் சீரழிந்து ஓட்டை விழும். மறிக்க ஆளில்லாத பிறகு உப்பு, மிளகாய்க் காரம், மஞ்சள், எண்ணெய் எல்லாம் மெல்ல உள்ளே ஊறும். ஊறுகாய் ஊறுவது சவ்வு போன பிறகுதான்.

ஜாடிக்குள் வந்து சேரும் கிருமிகளுக்கும் இதே கதிதான். அவற்றின் செல்லிலிருந்தும் உப்பு தண்ணீரை இழுத்துவிடுவதால் அவை பெருக முடிவதில்லை. அக்னி நட்சத்திரத்தில் வருடாவருடம் மாங்காய் போட்ட என் அம்மா, "உப்பு கொறஞ்சா பூத்துப்போவும்" என்பார். பிரஷருக்காக உப்பைக் குறைத்து ஊறுகாய் போடுகிறவர்கள் அதைப் பழையபடி பரண் மேல் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

சவ்வு கொழுப்பால் ஆனது என்று பாடத்தில் இருக்கிறது. கொழுப்பும் தண்ணீரும் ஒட்டாதே, பிறகு தண்ணீர் எப்படி உள்ளே போகிறது? இதைக் கேட்டதற்கு வகுப்பில் "படித்ததை மட்டும் எழுது" என்றார்கள்.
– காட்பாடி, பதினொன்றாம் வகுப்பு மாணவர்

தம்பி, உன் கேள்வி சரியான கேள்வி. விஞ்ஞானிகளையே பல வருடம் குழப்பியது இது. தேர்வுத்தாளில் பாடத்தில் உள்ளதை எழுது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் இந்தக் கேள்வியை எழுதி வைத்துக்கொள்.

முதலில் சவ்வு எப்படி இருக்கிறது என்று பார். சவ்வில் இருக்கும் கொழுப்புக்குப் பாஸ்போலிப்பிடு என்று பெயர். அதன் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் தண்ணீரை நாடும் தலை ஒன்று, தண்ணீரை வெறுக்கும் வால் இரண்டு. தண்ணீருக்குள் இவற்றைப் போட்டால் யாரும் சொல்லித்தர வேண்டாம். வால்கள் உள்ளே ஒளிந்து, தலைகள் இரண்டு பக்கமும் வெளியே பார்க்க, தாமாகவே இரண்டு அடுக்காக நின்றுவிடும். இரண்டு அடுக்கு என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? 1925இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் ரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து, தண்ணீர் மேல் ஒற்றைப் படலமாகப் பரப்பி அளந்தார்கள். அந்த அணுக்களின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு இடத்தை அது அடைத்தது. அப்படியென்றால் அணுவின் மேல் அது இரண்டு அடுக்காகத்தானே இருந்திருக்க வேண்டும்! தட்டும் தண்ணீரும் கணக்கும் வைத்துக்கொண்டு கண்ணுக்கே தெரியாத ஒன்றின் அமைப்பைச் சொல்லிவிட்டார்கள். நடத்தும் ஒவ்வொரு முறையும் எனக்கு இந்த இடத்தில் சிலிர்க்கும். சவ்வின் தடிமன் சுமார் 7 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனுக்குப் பத்தாயிரம் சவ்வுகளை அடுக்கலாம்.

இந்தக் கொழுப்பு அடுக்கில் ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு போன்ற சின்ன, மின்னூட்டம் இல்லாத மூலக்கூறுகள் நேராகப் புகுந்து போய்விடும். சோடியம், பொட்டாசியம் மாதிரி மின்னூட்டம் கொண்ட அயனிகளால் முடியாது. குளுக்கோஸ் பெரியது, அதுவும் தானாகப் போகாது. தண்ணீர் கொஞ்சம் கசியும். ஆனால் சிறுநீரகத்திலும் சிவப்பணுவிலும் அது பாயும் வேகத்தைப் பார்த்தால் வெறும் கசிவாகத் தெரியவில்லை. தனி வாசல் இருக்க வேண்டும் என்று பலரும் சந்தேகப்பட்டார்கள். கையில் சிக்கவில்லை.

அமெரிக்காவில் பீட்டர் அக்ரே என்ற மருத்துவர் சிவப்பணுச் சவ்வில் வேறு ஒரு புரதத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது பெயர் தெரியாத ஒரு புரதம் நிறைய வந்து சேர்ந்தது. அதன் வேலை என்ன என்று பார்க்கத் தவளையின் முட்டைச் செல்லைப் பயன்படுத்தினார்கள். குளத்தில் தவளை முட்டை கிடப்பதைப் பார்த்திருப்பாய். மணிக்கணக்காக நல்ல தண்ணீரில் கிடந்தாலும் அது ஊதி வெடிப்பதில்லை, ஏனென்றால் அதன் சவ்வு தண்ணீரை அவ்வளவாக விடாது. அந்த முட்டைச் செல்லுக்குள் இந்தப் புரதத்தைச் செய்வதற்கான ஆர்.என்.ஏ.வைச் செலுத்திவிட்டுத் தண்ணீரில் போட்டார்கள். சில நிமிடங்களில் ஊதி வெடித்தது! தண்ணீருக்கான வாசல் அதுதான் என்று 1992இல் உறுதியானது. அக்வாபோரின் என்று பெயர் வைத்தார்கள். 2003இல் அக்ரேவுக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. அந்த வாசலின் குறுகலான இடத்தில் தண்ணீர் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில்தான் போக முடியும். அப்படியும் நொடிக்கு நூறு கோடிக்கு மேல் போகின்றன. அயனி ஒன்று கூட நுழைய முடியாது.

ஆக, கொழுப்பு அடுக்கு மறிக்கிறது. அதில் பதிந்திருக்கும் புரதங்கள் ஆளைப் பார்த்து விடுகின்றன. உன் புத்தகத்தில் சிங்கர், நிக்கல்சன் 1972இல் சொன்ன பாய்ம மொசைக் மாதிரி என்று வருவது இந்த ஏற்பாடுதான். படத்தில் எல்லாம் அசையாமல் நிற்பது போல இருக்கும். உண்மையில் கொழுப்பும் புரதமும் பக்கவாட்டில் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்கின்றன.

அப்பாவை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பதினைந்து நாள் கூட இருந்தேன். ட்ரிப்ஸ் பாட்டிலில் உப்புத் தண்ணீர்தான் என்றார்கள். சுத்தமான தண்ணீரையே ஏற்றினால் என்ன?
– போளூர் வாசகர்

உயிருக்கே ஆபத்து. சிவப்பணுக்கள் மிதக்கும் திரவத்தில் உப்பு போதாமல் போனால் தண்ணீர் அணுவுக்குள் பாயும். மாங்காய்க்காவது சுவர் உண்டு, சிவப்பணுவுக்குச் சவ்வு மட்டும்தான். ஊதும், கிழியும். அதனால்தான் லிட்டருக்கு 9 கிராம் உப்பு, அதாவது 0.9 சதவீதம் என்று அளந்து தயாரிக்கிறார்கள். அந்த அளவில் அணுவுக்குள் போகும் தண்ணீரும் வெளியே வரும் தண்ணீரும் சரிக்குச் சரி. அப்பா நலமாக வீடு திரும்பியிருப்பார் என்று நம்புகிறேன்.

பேத்திக்கு இரண்டு வயது. போன மாதம் வயிற்றுப்போக்கு. ஹெல்த் நர்ஸ் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கொடுத்தார். பேதிக்கு உப்பு சரி, சர்க்கரை எதற்கு? ருசிக்கா? பாதி பாக்கெட்டைக் கலந்துவிட்டு மீதியை மடித்து வைக்கலாமா? தண்ணீர் கொடுத்தால் பேதி கூடும் என்கிறார்களே?
– பேரணாம்பட்டு வாசகி

அம்மா, இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து இரண்டு நாள் ஆயிற்று.

1967இல் எனக்கு ஒன்பது வயது. என் தம்பிக்கு ஒன்றரை. காலையில் பேதி ஆரம்பித்தது. "தண்ணி குடுத்தா இன்னுந்தான் போவும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அவன் செம்பைப் பார்த்துக் கையை நீட்டி அழுதான். சாயங்காலம் அழுகையில் கண்ணீர் வரவில்லை. மறுநாள் விடிவதற்குள் போய்விட்டான். கொடுக்காமல் இருந்தவர்கள் அவன் மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அடுத்த வருடமே, 1968இல், டாக்காவில் டேவிட் நலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் மருத்துவர்கள் காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை வாய்வழியே கொடுத்து, நரம்பில் ஏற்ற வேண்டிய திரவத்தைப் பெருமளவு குறைக்க முடியும் என்று காட்டினார்கள். கல்லூரியில் இதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை.

சர்க்கரை எதற்கு என்று கேட்டீர்கள். ருசிக்காக இல்லவே இல்லை. என் தாத்தா பள்ளிகொண்டா பக்கம் கவலை ஓட்டியவர், அதாவது மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்தவர். அதை வைத்துச் சொல்கிறேன். கவலையில் மாடுகள் சரிவில் கீழே இறங்கும். அந்த இழுப்பில் வடம் ஓடி, கிணற்றிலிருந்து சால் மேலே ஏறும். நம் சிறுகுடல் செல்லின் சவ்விலும் அப்படி ஒரு புரதம் இருக்கிறது. குடலுக்குள் சோடியம் அதிகம், செல்லுக்குள் குறைவு. சோடியம் அந்தச் சரிவில் உள்ளே இறங்கும்போது கூடவே குளுக்கோஸையும் இழுத்துக்கொண்டு போகிறது. இரண்டு சோடியம், ஒரு குளுக்கோஸ். இரண்டும் வந்து உட்கார்ந்தால்தான் அந்தப் புரதம் திரும்பும். குளுக்கோஸ் இல்லாவிட்டால் சோடியத்துக்கும் அந்த வழி மூடியே இருக்கும். ராபர்ட் கிரேன் என்பவர் 1960இல் பிராகா நகரக் கூட்டத்தில் இந்தக் கூட்டுப் பயணத்தை முதலில் விளக்கினார்.

இரண்டும் உள்ளே போனதும் உப்பும் சர்க்கரையும் இருக்கிற பக்கம் தண்ணீர் போகும். ஊறுகாய் ஜாடியில் தண்ணீர் உப்பைத் தேடி வெளியே வந்ததல்லவா? இங்கே அதே தண்ணீர் குடலிலிருந்து உடம்புக்குள் வருகிறது.

மாடு சரிவில் இறங்கிவிட்டால் மறுபடி மேலே கொண்டு வர வேண்டுமே! தாத்தாவுக்கு அதுதான் வேலையில் பாதி. செல்லிலும் உண்டு. உள்ளே வந்த சோடியத்தை மறுபக்கச் சவ்வு வழியாக வெளியேற்ற ஒரு பம்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். அதற்கு ஏ.டி.பி. என்ற எரிபொருள் செலவாகும். டென்மார்க்கில் ஜென்ஸ் ஸ்கூ நண்டின் கால் நரம்பை வைத்து 1957இல் இதைக் கண்டுபிடித்தார். நாற்பது வருடம் கழித்து 1997இல் நோபல் வந்தது. நாம் சும்மா படுத்துக் கிடக்கும்போதும் உடம்பு எரிக்கும் சக்தியில் கணிசமான பங்கு இந்தப் பம்புக்கே போகிறது.

இப்போது பேதி விஷயம். காலராக் கிருமியின் நஞ்சு என்ன செய்கிறது என்றால், குடல் செல்லில் குளோரைடு வெளியேறும் வாசலை மூட விடாமல் திறந்தே வைத்துவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்ட, சோடியம் பின்னாலேயே போக, தண்ணீரும் போகிறது. அந்த நஞ்சு என்ற ஒன்று இருப்பதையே 1959இல் நிரூபித்தவர் கல்கத்தாவின் சம்புநாத் டே. இதில் நமக்கு ஒரு நல்ல காலம்: சர்க்கரையும் சோடியமும் சேர்ந்து போகும் வழியை அந்த நஞ்சு தொடுவதில்லை. ஒரு வாசலில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் இன்னொரு வாசலில் ஏற்றிக்கொள்ளலாம். ஆகவே கொடுங்கள். கொடுத்தால் பேதி உடனே நிற்காது என்பது உண்மை. ஆனால் உடம்பு வற்றாது. பிள்ளைகள் போவது உடம்பு வற்றித்தான்.

1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. சலைன் பாட்டில் தீர்ந்துபோனது. திலீப் மகாலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் ட்ரம்மில் கரைத்துக் குழாய் பொருத்தி, தாய்மார்களையும் உறவினர்களையும் டம்ளரில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. கொடுத்தவர்கள் நர்ஸுகள் கூட இல்லை, நம்மைப் போன்ற வீட்டுப் பெண்கள்.

அளவு பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் போட்டிருக்கிறதோ அவ்வளவு தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கலக்க வேண்டும். ஒரு லிட்டர் பாக்கெட்டில் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9, மொத்தம் 20.5 கிராம். பாதியை மடித்து வைத்தால் தூள் ஈரம் கோத்துவிடும். தவிர, கண்ணளவில் பாதி பிரித்தால் உப்பு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு வந்தது என்று யாருக்கும் தெரியாது. குறைந்த தண்ணீரில் கெட்டியாகக் கலந்தாலோ, கடைச் சர்பத்தையும் கூல்டிரிங்க்ஸையும் கொடுத்தாலோ, மாங்காய்க்கு நேர்ந்தது குழந்தையின் குடலுக்கு நேரும்: இருக்கிற தண்ணீரையும் வெளியே இழுத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2002இல் பழைய கலவையின் உப்பையும் சர்க்கரையும் குறைத்ததும் இதே காரணத்துக்காகத்தான். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கலந்து, ஒரு நாளைக்கு மேல் வைக்காமல் கொட்டிவிடுங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 50 முதல் 100 மில்லி. அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 100 முதல் 200. ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கூடவே துத்தநாக மாத்திரை தருவார்கள், பேதி நின்றாலும் 14 நாளும் கொடுத்து முடியுங்கள்.

பாக்கெட் கிடைக்காத ராத்திரியில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு டீஸ்பூனால் தலைதட்டி ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. குடலில் சர்க்கரை உடைந்து குளுக்கோஸ் வரும். உப்பு போட்ட நீர்த்த அரிசிக் கஞ்சியும் உதவும், அரிசி மாவும் கடைசியில் குளுக்கோஸ்தான். நம் பாட்டிகள் கஞ்சி கொடுத்தார்கள். சில வீடுகளில் அதையும் நிறுத்தினார்கள். கண் உள்ளே போய், சிறுநீர் வராமல், குழந்தை சோர்ந்து கிடந்தால் அல்லது மலத்தில் ரத்தம் வந்தால் ஒரு நிமிடம் கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். போகிற வழியிலும் கொடுத்துக்கொண்டே போங்கள்.

நம் ஊரிலேயே வேலூர் சி.எம்.சி.யில் ககன்தீப் காங் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளரும் அவரோடு பணியாற்றியவர்களும் நகரத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளைகளைப் பிறந்தது முதல் வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்து, ரோட்டா வைரஸ் பேதியைப் பற்றி நிறையக் கண்டறிந்தார்கள். அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்த ரோட்டாவாக் சொட்டு மருந்தின் சோதனை நடந்த ஊர்களில் வேலூரும் ஒன்று. அந்தச் சொட்டு மருந்து முதல் சில மாதங்களிலேயே கொடுக்க வேண்டியது. பேத்தியின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். வீட்டில் அடுத்த குழந்தை பிறந்தால் தவணை தவறாமல் போட்டுவிடுங்கள்.

பாலாற்றுக் கரையில் இரண்டு ஏக்கர். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, பாய்ச்சினால் நிலம் ஈரமாகவே நிற்கிறது. ஆனாலும் நெல் நுனி கருகி வாடுகிறது. அந்தக் காலத்தில் இதே கிணற்றுத் தண்ணீரைக் குடித்தோம்.
– வாணியம்பாடி பக்கம் ஒரு விவசாயி

ஐயா, உங்கள் பயிர் ஈரத்தில் நின்றுகொண்டே தாகத்தில் இருக்கிறது. வேர் செல்லுக்குள் இருப்பதைவிட மண்ணின் ஈரத்தில் உப்பு கம்மியாக இருக்கும் வரைதான் தண்ணீர் தானாக வேருக்குள் போகும். மண்ணில் உப்பு ஏற ஏற அந்தச் சரிவு குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றேவிடும். அப்புறம் சோடியமும் ஒரு வேலை செய்கிறது. அது பொட்டாசியத்தின் சாயலில் இருப்பதால் பொட்டாசியத்துக்கான சில வாசல்களில் புகுந்துவிடும். உப்பைத் தாங்கும் செடிகள் அதை வெளியே தள்ளும், இல்லை செல்லின் நடுவிலுள்ள நுண்குமிழிக்குள் போட்டு அடைக்கும். நெல்லுக்கு அந்தத் திறமை குறைவு. நுனி கருகுவது இலையில் உப்பு சேர்ந்ததால்.

உப்பு எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்கே தெரியும்: தோல் பதனிடும் டேனரிகளிலிருந்து. பச்சைத் தோல் அழுகாமல் இருக்கக் கல்லுப்பைக் கொட்டி அடுக்குவது, ஊறுகாய் போடுவது மாதிரியே. தோலிலிருந்தும் கிருமியிலிருந்தும் தண்ணீரை எடுத்துவிடும். டேனரியில் முதல் வேலை அந்த உப்பைக் கழுவி ஊறவைப்பது. பல பத்தாண்டுகளாக அந்தக் கழிவுநீர் எங்கே போனது? 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடர்ந்த வழக்கில் தீர்ப்பு சொன்னபோது, தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாகப் பதிவு செய்தது. மாசு செய்தவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டில் வேரூன்றியதில் நம் பாலாற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தத் தொழிலில்தான் இங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சோறு சாப்பிடுகின்றன, என் மாணவிகள் பலரின் அப்பாக்கள் உட்பட. அதற்காக உங்கள் கிணறு கெட்டது நியாயமாகிவிடாது.

குரோமியம் பற்றியும் பயப்படுகிறீர்கள் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அதிலும் சவ்வுதான் முக்கியம். தோல் பதனிடப் பயன்படும் மூன்று இணைதிறன் குரோமியம் செல் சவ்வைச் சுலபத்தில் தாண்டாது. குரோமேட் தயாரிப்பில் வரும் ஆறு இணைதிறன் குரோமியம் அப்படியில்லை. அது சல்பேட்டைப் போலவே உருவம் கொண்டது. சல்பேட் போகும் வாசல் அதை அடையாளம் தெரியாமல் உள்ளே விட்டுவிடும். உள்ளே போனதும் அது மூன்றாக மாறி, திரும்ப வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டு மரபுப் பொருளைக் கெடுக்கும். அதனால் தண்ணீர்ச் சோதனைக்குக் கொடுக்கும்போது "மொத்தக் குரோமியம்" மட்டும் போதாது, ஆறு இணைதிறன் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

நிலத்துக்கு என்ன செய்யலாம்? முதலில் விரிஞ்சிபுரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கு மண்ணையும் தண்ணீரையும் எடுத்துப் போங்கள். வெறும் உவரா (உப்பு மிகுந்த மண்), களர் (சோடியம் பிடித்த மண்) சேர்ந்ததா என்று தெரிந்தால்தான் வைத்தியம். உவர் என்றால் மழைக்காலத்தில் நல்ல தண்ணீரைத் தேக்கி, வடிகால் வெட்டி உப்பை இறக்க வேண்டும். களர் என்றால் ஜிப்சம்: அதிலுள்ள கால்சியம் மண்ணைப் பிடித்திருக்கும் சோடியத்தை விடுவிக்கும், பிறகு அதையும் கழுவி இறக்க வேண்டும். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழலாம். இப்படிப்பட்ட மண்ணுக்கெனத் திருச்சியில் உருவாக்கிய டி.ஆர்.ஒய். நெல் ரகங்கள் உங்களுக்குப் பொருந்துமா என்றும் அங்கேயே கேளுங்கள். வாடுகிறதே என்று யூரியாவை மட்டும் கூட்டாதீர்கள். அதுவும் கரைந்த உப்பு போலத்தான், வேருக்கு இன்னும் தண்ணீர் கிடைக்காமல் போகும்.

முள்ளு கத்தரிக்காயை நறுக்கிய கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடுகிறது. அதைத் தண்ணீரில் போடுவது எதற்கு?
– அணைக்கட்டு வாசகி

2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் இலவம்பாடி முள்ளு கத்தரி என்றாலும் கறுக்கத்தான் செய்யும். கத்தரிக்காய் செல்லுக்குள்ளேயே சவ்வு போட்ட தனித்தனி அறைகள் உண்டு. துவர்ப்புத் தரும் ஃபீனால்கள் நுண்குமிழியில் ஓர் அறையில். அவற்றைக் கறுக்க வைக்கும் நொதி வேறு அறையில். கத்தி பட்டதும் இரண்டு சவ்வும் கிழிந்து அவை கலக்கின்றன, காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து கறுக்கிறது. தண்ணீரில் போட்டால் காற்று குறையும். அதில் கொஞ்சம் புளிக்கரைசல் விட்டால் புளிப்பில் நொதி மந்தமாகும். சிட்டிகை உப்பு போதும். கைநிறைய அள்ளிப் போட்டு அரைமணி நேரம் விட்டால் துண்டு துவண்டுவிடும், எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு அது ஆகாது. எண்ணெய் காய்ந்த பிறகே நறுக்குங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன்.